கொழும்பில இருந்துகொண்டே குரொஸ்-போடர் லோயர் ஆகிறது எப்பிடி: முழு வழிகாட்டி

எங்கட அம்மம்மாவுக்கு லோயர் எண்டால் ரெண்டே வகைதான், பெரிய கோட்டில வாதாடுற அப்புக்காத்து, உறுதியும் வழக்குப் பேப்பரும் பாக்கிற பிறக்கிராசி. அந்தப் பிரிவை 1973ஆம் ஆண்டுச் சட்டத்தோட எடுத்துப்போட்டாங்கள், இப்ப எல்லாரும் சட்டத்தரணிதான் எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பன், மனுசி கடைசி மட்டும் "நீ எப்பயடா கோட்ஸுக்குப் போகப்போறாய், எப்ப பாத்தாலும் ஒஃபிஸ் எண்டுறாய்" எண்டுதான் கேட்டுக்கொண்டிருந்தது. இப்ப வெள்ளவத்தையில கலியாண வீடுகளில சந்திக்கிற தம்பி தங்கச்சிமாரும் கிட்டத்தட்ட அதேதான் கேக்கினம், கொஞ்சம் ஸ்டைலா: "அண்ணா, இந்த இன்டர்நஷனல் டீல் எல்லாம் செய்யிறதுக்கு எப்பிடிப் போறது? லண்டன் போகோணுமா?" ஒவ்வொருத்தருக்கும் வட்ஸ்அப்பில வொய்ஸ் மெசேஜ் போட்டுக் களைச்சுப்போனன், அதால ஒரேயடியா எழுதிவிடுறன். நீளம்தான், ரீ ஒண்டை ஊத்திக்கொண்டு வந்து இருங்கோ.

முதல்ல வேலை எண்டால் என்னெண்டு விளங்கோணும்

சிங்கப்பூர் கொம்பனி ஒண்டு பியகமவில ஃபக்டரி வைச்சிருக்கிற எங்கட கொம்பனியில 60 வீதம் வாங்க நினைக்குது எண்டு வையுங்கோ. முதல்ல ரகசியம் காக்கிற ஒப்பந்தம், பிறகு டேர்ம் ஷீட் (முக்கிய நிபந்தனைகளை எழுதின பேப்பர்), பிறகு டியூ டிலிஜென்ஸ் (கொம்பனியின்ர பேப்பர் எல்லாத்தையும் கிண்டிப் பாக்கிறது), பிறகு பங்கு வாங்குற ஒப்பந்தம், பங்குதாரர் ஒப்பந்தம், கடைசியா குளோசிங், அதுதான் காசும் பங்கும் கைமாறுற நாள். ஒப்பந்தம் எல்லாம் பெரும்பாலும் இங்கிலாந்துச் சட்டத்தில இருக்கும், சண்டை வந்தால் சிங்கப்பூரில ஆர்பிட்ரேஷன் (நீதிமன்றத்துக்குப் பதிலா நடுவர் தீர்ப்புச் சொல்லுறது) எண்டு இருக்கும், ட்ராஃப்ட் பண்ணுறது சிங்கப்பூரில இருக்கிற பெரிய லோ ஃபேர்ம். ஆனால் பங்கு இருக்கிறது இங்க, காணி இருக்கிறது இங்க, காசு வந்து இறங்கிறது கொழும்பு பாங்கில. அந்த இடத்தில உக்காந்திருக்கிற ஆள்தான் நீங்கள். "லோக்கல் கவுன்சில்" எண்டு சொல்லுவினம், கேக்க ஏதோ ரெண்டாம் தரம் மாதிரிக் கிடக்கும், எனக்கும் முதல் ரெண்டு மூண்டு வருசம் அந்தச் சொல்லு குத்தினதுதான்.

பிறகுதான் விளங்கிச்சு, வெளிநாட்டுக்காரன் உங்களிட்ட இங்கிலாந்துச் சட்டம் கேக்க வரேல்ல. அதைச் சொல்ல அவனிட்ட ஆக்கள் நிறைய இருக்கினம். அவனுக்குத் தெரியாதது புதுக்கடை நீதிமன்றங்களும் காணிப் பதிவகமும் மத்திய வங்கியும்தான், அதைத்தான் காசு குடுத்து வாங்குறான். இந்த வழிகாட்டி முழுக்க இந்த ஒரு விசயத்தைச் சுத்தித்தான் போகும்.

படி 1: பேருக்குப் பின்னால போடுற தகுதி

இதை நீட்டத் தேவையில்ல, எல்லாருக்கும் தெரியும். ஒண்டில் புதுக்கடை சட்டக்கல்லூரி நுழைவுப் பரீட்சை, இல்லாட்டி கொழும்பு, யாழ்ப்பாணம், பேராதனை, திறந்த பல்கலைக்கழகம் எண்டு எங்கயாவது எல்எல்பி செய்துபோட்டு சட்டக்கல்லூரியின்ர பரீட்சைகளையும் முடிக்கிறது. பிறகு ஆறு மாசம் ஒரு சீனியருக்குக் கீழ பயிற்சி, உயர் நீதிமன்றத்தில சத்தியப்பிரமாணம், அம்மா அப்பாவோட படிக்கட்டில நிண்டு ஃபோட்டோ. நொத்தாரிசுத் தகுதியையும் சேத்து எடுத்துவிடுங்கோ, இங்க காணி உறுதிக்கு நொத்தாரிசு இல்லாமல் ஒண்டும் அசையாது, 1840ஆம் ஆண்டுச் சட்டம் இண்டைக்கும் உயிரோட இருக்கு.

படிக்கிற காலத்திலயே ஒண்டு செய்யலாம் எண்டால் மூட், அதுதான் மாணவருக்கு வைக்கிற கற்பனை வழக்குப் போட்டி. வியன்னாவில வருசா வருசம் நடக்கிற விஸ் மூட் முழுக்க வர்த்தக ஆர்பிட்ரேஷன் பற்றினதுதான். போகக் காசு கிடைக்குதோ இல்லையோ, அந்த வருசத்துப் பிரச்சினையை டவுன்லோட் பண்ணி ரெண்டு பக்கத்துக்கும் மெமோ எழுதிப் பாருங்கோ, அந்த ஆறு மாசத்தில படிக்கிறதை ஒரு லெக்சரரும் வகுப்பில சொல்லித் தரமாட்டார்.

இங்கிலீஷ் பற்றியும் சொல்லிப்போட்டுப் போறன். எங்கட பிள்ளையளுக்கு அக்சன்ட் பயம் கனக்க. அக்சன்டை ஒருத்தரும் பாக்கேல்ல. எழுத்தைத்தான் பாக்கினம், அதுவும் கட்டையா எழுதத் தெரியுமோ எண்டு. மூண்டு பக்கம் எழுதிப்போட்டு நாலாம் பக்கத்தில "ஆகவே செய்யலாம்" எண்டு முடிக்கிற பழக்கத்தை விடோணும். முதல் வரியில செய்யலாமோ ஏலாதோ, ரெண்டாம் வரியில ஏன், மூண்டாம் வரியில என்ன செய்யோணும். கிளையன்ட் அதை ஃபோனில, எயார்போட் வரிசையில நிண்டுகொண்டு வாசிக்கிறான்.

படி 2: நேரா கோப்பரேட் ஃபேர்முக்கு ஓடாதேங்கோ

இதில கன பேர் என்னோட சண்டை பிடிப்பினம், பரவாயில்ல. என்ர அபிப்பிராயம், முதல் ஒண்டு ரெண்டு வருசம் வழக்கு செய்யிற ஒரு சீனியரிட்ட நில்லுங்கோ. கொழும்பு வர்த்தக மேல் நீதிமன்றம் 1996ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டத்தால வந்தது, பெரிய வியாபார வழக்கு எல்லாம் அங்கதான். அங்க போய்ப் பின் வாங்கில இருந்து பாத்தால், ஒப்பந்தத்தில ஏதோ ஒரு மூலையில ஆரோ அவசரத்தில போட்ட ஒரு சொல்லுக்காக ரெண்டு பெரிய கவுன்சில்மார் ஒரு காலமை முழுக்க அடிபடுறதைக் காணுவீங்கள். அதைக் கண்ட ஒருத்தர் பிறகு ட்ராஃப்ட் பண்ணேக்க "நியாயமான காலத்துக்குள்ள" எண்டு எழுதமாட்டார், "14 நாளுக்குள்ள" எண்டு எழுதுவார்.

சம்பளம் எண்டு ஒண்டும் பெரிசா வராது. பஸ்ஸுக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் காணும், அதுவும் சீனியரின்ர மனசைப் பொறுத்தது. வீட்டில முதலே சொல்லி வையுங்கோ.

படி 3: நாலு உள்ளூர்ச் சட்டத்தைக் கரைச்சுக் குடியுங்கோ

கொம்பனிச் சட்டம், 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கம். முழுக்க வாசியுங்கோ, நோட்ஸ் இல்ல, சட்டத்தையே. 185ஆம் பிரிவில மேஜர் ட்ரான்ஸக்‌ஷன் எண்டு ஒண்டு வரும், கொம்பனியின்ர சொத்துப் பெறுமதியில அரைவாசிக்கு மேல விக்கிறது வாங்கிறது எண்டால் பங்குதாரரின்ர விசேட தீர்மானம் வேணும். டிரெக்டர்மார் மட்டும் சைன் வைச்சுக் குடுத்த எத்தினை டீல் இதில மாட்டியிருக்கு.

அடுத்தது 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க வெளிநாட்டுச் செலாவணிச் சட்டம். இதின்ர உயிர்நாடி இன்வேட் இன்வெஸ்ட்மென்ட் எக்கவுன்ட், வெளிநாட்டு முதலீட்டுக்கெண்டே இருக்கிற பாங்க் கணக்கு. வெளிநாட்டுக்காரன் இங்க பங்கு வாங்கிற காசு அந்தக் கணக்குக்குள்ளாலதான் வரோணும், நேரா வித்தவரின்ர கணக்குக்குப் போட்டுவிட்டால் வாங்கிறது நடந்த மாதிரித்தான் இருக்கும், ஆனால் பிறகு டிவிடென்டையோ வித்த காசையோ வெளியில அனுப்பப் போகேக்க பாங்கில ஒரு பிள்ளை "சேர், இது வந்த வழியைக் காட்டுங்கோ" எண்டு கேக்கும், அப்பத்தான் எல்லாரும் முழிப்பினம். இதோட எந்தத் துறையில வெளிநாட்டவருக்கு இடமில்ல எண்டும் பாக்கோணும், அடகு பிடிக்கிறது, கரையோர மீன்பிடி மாதிரி. தேயிலை, ரப்பர், தென்னை வளர்க்கிறது மாதிரியானதில 40 வீதத்துக்கு மேல போறதெண்டால் முதலீட்டுச் சபையின்ர அனுமதி வேணும்.

மூண்டாவது, பங்குச் சந்தையில இருக்கிற கொம்பனி எண்டால் டேக்ஓவர் கோட், கொம்பனியைக் கைப்பற்றிறதுக்கான விதிகள். 30 வீதத்தைத் தொட்டால் மிச்சப் பங்குதாரர் எல்லாருக்கும் ஒஃபர் குடுக்கோணும், அவ்வளவுதான், மிச்சத்தை வேலையில படிக்கலாம்.

நாலாவதுதான் எனக்குப் பிடிச்சது, கன பேர் சறுக்கிறதும் இதிலதான். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிச் சட்டம். வெளிநாட்டவருக்கும், 50 வீதமோ அதுக்கு மேலயோ வெளிநாட்டுப் பங்கு இருக்கிற கொம்பனிக்கும் காணி விக்க ஏலாது, அபார்ட்மென்டுக்கு விதிவிலக்கு இருக்கு, 99 வருசம் வரைக்கும் லீஸ் எடுக்கலாம், இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது என்னெண்டால், காணியை வாங்கேக்க கொம்பனி முழுக்க எங்கட ஆக்களின்ரயா இருந்தாலும், வாங்கின நாளில இருந்து 20 வருசத்துக்கு வெளிநாட்டுப் பங்கு 50 வீதத்துக்குக் கீழதான் நிக்கோணும். திருப்பி மேல சொன்ன பியகம உதாரணத்துக்கு வாங்கோ. கொம்பனி 2016இல ஃபக்டரிக் காணி வாங்கியிருக்கு, இப்ப சிங்கப்பூர்க்காரன் 60 வீதம் வாங்குறான், காணியைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல, ஏனெண்டால் இது பங்கு வாங்குற டீல்தானே, காணி வாங்குற டீல் இல்லையே. பங்கு கைமாறுற நாளில அந்தக் காணியின்ர உரித்து செல்லாமல் போகும். ஃபக்டரி வாங்கினவனிட்ட ஃபக்டரி நிக்கிற நிலம் இல்ல. இதைச் சிங்கப்பூர் லோயருக்கு எப்பிடித் தெரியும்? உங்களுக்குத் தெரியோணும், அதுக்குத்தான் உங்கட பில்.

பங்குச் சந்தையில இருக்கிற கொம்பனிக்கு இதில விலக்கு இருக்கு. மற்றதுகளுக்கு டீலின்ர அமைப்பையே மாத்தோணும், காணியை முதல்லயே வேற கொம்பனிக்கு எடுத்து லீஸ் குடுக்கிறது, 49இல நிப்பாட்டுறது எண்டு. டேர்ம் ஷீட் சைன் வைக்க முதல் இதைச் சொன்னால் கெட்டிக்காரன், குளோசிங்குக்கு ரெண்டு நாள் முதல் சொன்னால் உங்களைத்தான் திட்டுவினம்.

வடக்கில காணி எண்டால் எங்கட ஆக்களுக்கு ஒரு அட்வான்டேஜ்

காற்றாலை, சோலார் எண்டு மன்னார் பூநகரிப் பக்கம் வெளிநாட்டுக் கொம்பனிகள் காணி தேடிக்கொண்டு வந்த காலத்தில கொழும்பு ஃபேர்ம்களுக்குத் தமிழ் உறுதி வாசிக்க ஆள் தேவைப்பட்டுது. அதில வாசிக்கிறது மட்டும் காணாது, யாழ்ப்பாணத் தமிழரின்ர வழக்குச் சட்டமான தேசவழமையும் தெரியோணும். தேசவழமைக்கு உட்பட்ட கலியாணம் கட்டின பொம்பிளை, தன்ர பேரில இருக்கிற சீதனக் காணியெண்டாலும், புருசன்ர எழுத்துச் சம்மதம் இல்லாமல் விக்கவோ நீண்டகாலத்துக்கு லீஸ் குடுக்கவோ ஏலாது. நியாயமோ எண்டு கேட்டால் எனக்கும் நியாயமாத் தெரியேல்ல, ஆனால் சட்டம் அப்பிடித்தான் கிடக்கு. நான் பாத்த ஒரு லீஸ், 30 வருசம், ஏழு உறுதிக்காரர், அதில ரெண்டு அக்காமாரின்ர புருசன்மார் ஒராள் கனடா, ஒராள் சுவிஸ். சம்மதம் இல்ல. ஃபைனான்ஸ் குடுக்க வந்த வெளிநாட்டு பாங்க் அதைப் பிடிச்சு நிப்பாட்டிப்போட்டுது. பிறகு டொரொன்டோவில நொத்தாரிசுக்கு முன்னால சைன் வைச்சு, எங்கட தூதரக சீல் எடுத்து, கூரியரில வந்து சேர ஒண்டரை மாசம். ஒரு முன்னீட்டு உரிமைச் சட்டமும் இருக்கு, 1947ஆம் ஆண்டு, பங்காளிக்கு முதல் அறிவித்தல் குடுக்காமல் காணியை வெளியாளுக்கு வித்தால் அவர் வழக்குப் போடலாம்.

படி 4: டியூ டிலிஜென்ஸ் எண்டுற கழுதை வேலை

ஜூனியராப் போன உடன தருவது இதுதான். டேட்டா ரூமில (விக்கிற கொம்பனி பேப்பரெல்லாம் போட்டு வைக்கிற ஒன்லைன் இடம்) 1,400 டொக்கியூமென்ட், சில ஸ்கான் தலைகீழ், சிலதில ரெண்டாம் பக்கம் இல்ல. நேரா வாசிக்கத் தொடங்காதேங்கோ. முதல்ல கொம்பனிப் பதிவாளரின்ர ஈ-ஆர்ஓசி இணையத்தளத்தில ஃபைலை எடுங்கோ, ஃபோம் 1 கொம்பனி பிறந்தது, ஃபோம் 6 பங்கு வெளியிட்டது, ஃபோம் 20 டிரெக்டர் மாறினது, ஃபோம் 10 பாங்குக்கு ஈடு வைச்சது, ஃபோம் 15 வருசாந்த அறிக்கை. இதை வரிசையா ஒரு பேப்பரில கோடு கீறி எழுதிப்போட்டு, கொம்பனியின்ர பங்குப் பதிவேட்டோட ஒப்பிடுங்கோ. பத்துக்கு ஏழு கொம்பனியில ரெண்டும் ஒத்துவராது எண்டு என்ர அனுபவத்தில சொல்லுவன். ஒரு குடும்பக் கொம்பனியில அப்பா செத்துப் பன்ரெண்டு வருசம், அவர்ர பேரில 5,000 பங்கு இன்னும் நிக்குது, சொத்தை வாரிசுக்கு மாத்திற டெஸ்டமென்டரி வழக்கே போடேல்ல, ஆனால் வருசா வருசம் கூட்டக் குறிப்பில "எல்லாப் பங்குதாரரும் சமூகமளித்தனர்" எண்டு கிடக்கு.

ரிப்போட் எழுதேக்க கண்டதெல்லாத்தையும் கொட்டாதேங்கோ. டீலை நிப்பாட்டிறது எது, விலையைக் குறைக்கிறது எது, குளோசிங்குக்கு முதல் திருத்திறது எது, பிறகு பாக்கலாம் எது எண்டு நாலாப் பிரியுங்கோ. டிரெக்டர் ஒராளின்ர அடையாள அட்டை நம்பர் பிழை எண்டதை முதல் பக்கத்தில போட்டு, அப்பாவின்ர 5,000 பங்கை 43ஆம் பக்கத்தில போட்ட ஜூனியரை எனக்குத் தெரியும். நான்தான்.

படி 5: ட்ராஃப்டிங், போயா கதை

எனக்கு மூண்டாவது வருசம். நான் அப்ப இருந்த ஃபேர்ம் விக்கிற பக்கம். சிங்கப்பூரில இருந்து வந்த ஒப்பந்தத்தை நான்தான் இரவிரவா வாசிச்சனான், பெரிய பெரிய கிளோஸ் எல்லாத்துக்கும் சிவப்பில கொமென்ட் போட்டனான், ஆனால் முதல் பக்கத்து வரைவிலக்கணங்களைச் சும்மா தட்டிக்கொண்டு போட்டன். அதில "பிஸ்னஸ் டே" எண்டால் சிங்கப்பூரிலயும் லண்டனிலயும் பாங்க் திறந்திருக்கிற நாள் எண்டு இருந்தது. கொழும்பு இல்ல. குளோசிங் நாளும் கடைசித் தவணை நாளும் ஒண்டு, அது விழுந்தது போயாவில. உலகத்தில ஒவ்வொரு பௌர்ணமிக்கும் பாங்க் பூட்டுற ஊர் எங்கட ஊர்தான் எண்டு அவனுக்கு என்னெண்டு தெரியும்.

காலமை வித்தவர், எழுபது வயசு ஐயா, வேட்டி சால்வையோட, பங்குச் சான்றிதழ் எல்லாத்தையும் ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள்ள போட்டுக் கொண்டுவந்து மேசையில வைச்சார். அங்கால சிங்கப்பூரில காசு அனுப்பியாச்சு. இஞ்சால பாங்க் பூட்டு. ஒப்பந்தப்படி அண்டைக்கு நடு இரவோட வாங்குறவன் வேணுமெண்டால் விலகலாம். ஐயாவுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது. "தம்பி, ஏதும் பிழையே" எண்டு கேட்டார், "இல்ல ஐயா, போயா" எண்டன், "அது எனக்கும் தெரியும்தானே, கலண்டரில சிவப்பாக் கிடக்கே" எண்டார். அண்டு இரவு பதினொண்டரை மட்டும் நிண்டு தவணை நீடிக்கிற கடிதம் ஒண்டை மூண்டு நாட்டில சைன் வைச்சு எடுத்தம். வாங்குறவன் நல்லவன், விலை குறைக்கக் கேக்கேல்ல. எல்லாரும் அப்பிடி இருக்கமாட்டினம்.

அதால வரைவிலக்கணத்தை முதல்ல வாசியுங்கோ. பிறகு நோட்டிஸ் கிளோஸ், அதில ஃபக்ஸ் நம்பர் இன்னும் இருக்கோ, அட்ரஸ் பழசோ எண்டு. பிறகு சண்டைக் கிளோஸ். அதை எப்பவும் இரவு ரெண்டு மணிக்கு, எல்லாரும் களைச்ச பிறகு, பழைய ஒப்பந்தத்தில இருந்து கொப்பி பண்ணித்தான் போடுவினம். "பிணக்குகள் கொழும்பில ஆர்பிட்ரேஷனுக்குப் போகலாம், அல்லது சிங்கப்பூர் நீதிமன்றங்களுக்கு முழு அதிகாரம் உண்டு" எண்டு ரெண்டையும் சேத்து எழுதின கிளோஸை நான் கண்ணால கண்டனான். சண்டை எதைப் பற்றியெண்டு தொடங்கவே ஒரு வருசம் போகும். நாலே விசயம் வேணும்: எந்த நிறுவனத்தின்ர விதி, சீட் எந்த ஊர், எத்தினை நடுவர், எந்த மொழி. சீட் எண்டால் விசாரணை நடக்கிற ஹோட்டல் இல்ல, எந்த நாட்டு நீதிமன்றம் அந்த ஆர்பிட்ரேஷனுக்குக் காவல் எண்டதுதான். சீட் சிங்கப்பூர் எண்டு வைச்சு, விசாரணையைக் கொழும்பு ஹோட்டல் ஒண்டில நடத்தலாம், பிரச்சினையில்ல.

படி 6: சண்டைப் பக்கம்

எங்கட 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க ஆர்பிட்ரேஷன் சட்டம் சின்னச் சட்டம், ஒரு பின்னேரத்தில வாசிச்சு முடிக்கலாம். மூண்டு இடத்தில கோடு போடுங்கோ. 5ஆம் பிரிவு, ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தம் இருக்கேக்க ஒராள் வழக்குப் போட்டால் மற்றவர் ஒப்ஜெக்ட் பண்ணோணும், பண்ணினால்தான் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லாமல் போகும், பேசாமல் இருந்து பதில் போட்டுவிட்டால் போச்சு. 32ஆம் பிரிவு, தீர்ப்பை ரத்துச் செய்யக் கேக்க 60 நாள். 31ஆம் பிரிவு, அமுல்படுத்தக் கேக்கிறதுக்கு, தீர்ப்பு வந்து 14 நாள் கழிய அதில இருந்து ஒரு வருசம். லண்டனில வெண்டுபோட்டு, கதைச்சுத் தீர்க்கலாம் எண்டு இழுத்து இழுத்து, பதினைஞ்சாம் மாசம் கொழும்புக்கு வாறவை இருக்கினம். ஒரு நாட்டு ஆர்பிட்ரேஷன் தீர்ப்பை மற்ற நாடு ஏற்கிறதுக்கான நியூயோர்க் உடன்படிக்கையில இலங்கை 1962இல இருந்தே இருக்கு, வெளிநாட்டுத் தீர்ப்பைக் கொழும்பு மேல் நீதிமன்றத்தில அமுல்படுத்தலாம், ஆனால் அந்தக் கலண்டரை ஆராவது பாக்கோணும்.

முதலீட்டாளர் அரசாங்கத்தோட பிடிக்கிற சண்டை தனி உலகம், அதின்ர முதல் பக்கமே எங்கட மட்டக்களப்பிலதான் எழுதப்பட்டது எண்டு சொன்னால் நம்பமாட்டீங்கள். 1987 ஜனவரியில கொக்கட்டிச்சோலைப் பக்கம் பாதுகாப்புப் படையின்ர நடவடிக்கையில இறால் பண்ணை ஒண்டு அழிஞ்சது, அதில ஹொங்கொங் கொம்பனி ஒண்டுக்குப் பங்கு. அண்டைக்குச் செத்த சனத்துக்கு எந்த மேசையிலயும் நீதி கிடைக்கேல்ல, அது வேற கதை, எழுதப் போனால் நிக்காது. அப்ப ஹொங்கொங் பிரித்தானியாவுக்குக் கீழ, அதால அந்தக் கொம்பனி 1980ஆம் ஆண்டு பிரித்தானியா-இலங்கை முதலீட்டு உடன்படிக்கையைப் பிடிச்சுக்கொண்டு வொஷிங்டனில இருக்கிற ஐசிஎஸ்ஐடிக்கு, அதுதான் முதலீட்டுப் பிணக்குகளைத் தீர்க்கிற சர்வதேச நிலையத்துக்கு, போச்சு. 80 லட்சம் டொலருக்கு மேல கேட்டது, 1990 ஜூனில 460,000 டொலரும் வட்டியும் கிடைச்சது. நாடுகளுக்கிடையிலான முதலீட்டு உடன்படிக்கையை மட்டும் வைச்சு ஐசிஎஸ்ஐடியில வந்த முதல் வழக்கு அதுதான், உலகம் முழுக்க முதலீட்டு ஆர்பிட்ரேஷன் பாடத்தில முதல் கிழமையில படிப்பிக்கினம். தீர்ப்பு இணையத்தில கிடக்கு, வாசியுங்கோ.

அதோட சேத்து ரெண்டு. 2002இல மிஹாலி வழக்கு, மின் நிலையம் கட்டுறதெண்டு அமெரிக்கக் கொம்பனி கடிதங்களை மட்டும் நம்பிச் செலவழிச்சுது, ஒப்பந்தம் வரேல்ல, அந்தச் செலவு "முதலீடு" இல்ல எண்டு முடிஞ்சுது. லெட்டர் ஒஃப் இன்டென்டை (செய்ய விருப்பம் எண்டு மட்டும் சொல்லுற கடிதம்) பெரிசா நம்புற கிளையன்டுக்கு இதைத்தான் நான் அனுப்புறனான். மற்றது டொய்ச்ச பாங்க், பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தோட 2008இல செய்த எண்ணெய் ஹெட்ஜிங், விலை ஏறி இறங்கிறதுக்குப் பாதுகாப்பாச் செய்யிற ஒப்பந்தம். எண்ணெய் விலை விழுந்துது, உயர் நீதிமன்ற இடைக்கால உத்தரவு, மத்திய வங்கி காசு கட்டாதே எண்டுது, 2012இல இலங்கை கிட்டத்தட்ட 6 கோடி டொலர் கட்டோணும் எண்டு தீர்ப்பு. ஒரு நாட்டின்ர நீதிமன்ற உத்தரவே வெளியில வேற மேசையில கேள்விக்கு வரும் எண்டதை இதை வாசிச்சால்தான் விளங்கும்.

ஒரே சம்பவம் எத்தினை நாட்டுக்குப் போகும் எண்டு பாக்க எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பல் காணும். 2021 மேயில எங்கட கடலில எரிஞ்சது, கப்பல் சிங்கப்பூர்ப் பதிவு, லண்டனில கப்பல்காரர் பொறுப்பை ஏறக்குறைய 1.9 கோடி பவுணோட மட்டுப்படுத்தக் கேட்டினம், இலங்கை 2023இல சிங்கப்பூரில வழக்குப் போட்டுது, 2025 ஜூலையில கொழும்பு உயர் நீதிமன்றம் 100 கோடி டொலர் கட்டச் சொல்லிச்சு. ஒரு நெருப்பு, மூண்டு நகரம், மூண்டு கணக்கு. நாடு கடனைக் கட்டாமல் விட்ட 2022இல நியூயோர்க்கிலயும் இலங்கையின்ர கடன் பத்திரம் வைச்சிருந்த ஒரு பொண்ட்காரர் 25 கோடி டொலருக்கு மேல கேட்டு வழக்குப் போட்டவர். இந்த மாதிரி வழக்கில எல்லாம் ஆராவது ஒரு கொழும்பு சட்டத்தரணி, இலங்கைச் சட்டம் இன்னது எண்டு எக்ஸ்பேட் ரிப்போட் (நிபுணர் அறிக்கை) எழுதோணும், அந்த நிபுணருக்கு ஒரு ஜூனியர் தேவை.

படி 7: எல்எல்எம், எஸ்கியூஈ, சிஆர்ப்

மூண்டும் வேணுமோ எண்டு கேக்கினம். இல்ல. எல்எல்எம் எண்டுற சட்ட முதுமாணிப் படிப்பை வேலை செய்யாமல் நேராப் போய்ச் செய்யிறதில எனக்கு நம்பிக்கை இல்ல, ரெண்டு மூண்டு வருசம் செய்துபோட்டுப் போனால் வகுப்பில கேக்கிற ஒவ்வொண்டும் உங்கட ஒரு ஃபைலை ஞாபகப்படுத்தும். ஆர்பிட்ரேஷன் எண்டால் லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்துக்குப் பேர் இருக்கு. காசு இல்லாட்டி செவ்னிங் ஸ்கொலஷிப் பாருங்கோ, ரெண்டு வருச வேலை அனுபவம் கேப்பினம், முடிச்சு ரெண்டு வருசம் ஊரில இருக்கோணும் எண்டு நிபந்தனை.

எஸ்கியூஈ எண்டுறது 2021இல இருந்து இங்கிலாந்து சொலிசிட்டர் ஆகிற பரீட்சை. முதல் பகுதி 360 கேள்வி, ரெண்டு நாள், எம்சிகியூ எண்டு லேசா நினைக்கவேண்டாம். ரெண்டாம் பகுதி எழுத்தும் வாய்மொழியுமா 16 வேலை. ஏற்கனவே சட்டத்தரணியா இருக்கிறவைக்கு அந்த ரெண்டு வருச வேலைப் பயிற்சி நிபந்தனை இல்ல. கொழும்பிலயே இருக்கப் போறீங்கள் எண்டால் கட்டாயமில்ல, ஆனால் இங்கிலாந்து ஒப்பந்தச் சட்டத்தை ஒழுங்காப் படிக்க அது ஒரு சாட்டு.

சிஆர்ப், அதுதான் சார்ட்டர்ட் இன்ஸ்டிடியூட் ஒஃப் ஆர்பிட்ரேட்டர்ஸ், அசோசியேட், மெம்பர், ஃபெலோ எண்டு மூண்டு படி. குறைஞ்ச செலவில பலன் கூட இதில.

படி 8: நேரம், பில், ஆக்கள்

சிங்கப்பூர் எங்களை விட ரெண்டரை மணித்தியாலம் முன்னுக்கு, லண்டன் நாலரையோ ஐஞ்சரையோ பின்னுக்கு. காலமை ஆறரைக்கு சிங்கப்பூர் ஈமெயில், பின்னேரம் நீங்கள் வெளிக்கிடேக்க லண்டன் முழிச்சு வேலையில நிக்கும், நியூயோர்க்கும் சேந்தால் இரவு பத்துக்குக் கோல். குளோசிங் கிழமையில கலியாணம், பிறந்தநாள் எல்லாம் போகும். மற்றக் கிழமைகளிலயும் போகவிட்டால் அது உங்கட பிழை, டீலின்ர பிழை இல்ல, இதை நான் லேட்டாத்தான் படிச்சன்.

பழக்கம் வைக்கோணுமெண்டால் பெரிய பார்ட்னர்மாருக்குப் பின்னால ஓடாமல், மற்றப் பக்கத்தில இருக்கிற உங்கட வயசு ஜூனியரோட ஒழுங்கா நடவுங்கோ. இரவு ரெண்டு மணிக்கு சைன் பக்கம் தேடேக்க சிரிச்சுக் கதைச்ச சிங்கப்பூர்ப் பிள்ளைதான் எட்டு வருசத்தில பார்ட்னர் ஆகி, "கொழும்பில ஆரும் தெரியுமா" எண்டு கேக்கேக்க உங்கட பேரைச் சொல்லும். எனக்கு வந்த வேலையில பாதி அப்பிடி வந்ததுதான்.

இன்டர்வியூ

என்னட்ட வாறவைக்கு நான் சேட்டிஃபிக்கேட் பாக்கிறது குறைவு. ரெண்டு பக்கத்தில நானே செய்த ஒரு பொய் லீஸ் வைச்சிருக்கிறன். யாழ்ப்பாணத்துக் காணி, வெளிநாட்டுக் கொம்பனி, பணம் கட்டுற நாள் வெசாக், உறுதிக்காரி ஒரு அக்கா, நோட்டிஸ் போறது ஃபக்ஸுக்கு, சீட் ஒரு ஊர், நீதிமன்றம் வேற ஊர். அரை மணித்தியாலம், பேனை ஒண்டு, எங்க எங்க பிழை எண்டு வட்டம் போடுங்கோ. ஐஞ்சு பிழை வைச்சிருக்கிறன். போன மாசம் வந்த தங்கச்சி ஒராள் நாலைப் பிடிச்சுது, ஃபக்ஸை விட்டிட்டுது, ஃபக்ஸ் எண்டால் என்னெண்டு தெரியாது போல. ஆனால் கடைசிப் பக்கத்தில நான் நினைக்காத இடத்தில ஒரு வட்டம். "அண்ணா, இதில சாட்சி ஒராள்தான் சைன் வைச்சிருக்கு, உறுதிக்கு ரெண்டு வேணுமே" எண்டுது. எடுத்துப் பாத்தன், சரிதான், டைப் பண்ணேக்க நான் விட்டது. திங்கக்கிழமை வேலைக்கு வரச் சொல்லியாச்சு.